113 கிலோமீட்டரும் 156 டயாலிசிஸும்

நண்பர்களோடு சேர்ந்து போட்டியில் இறங்கி நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டியவர்கள் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர், கல்லூரி விடுதியில் ஒரே அறை. இப்போதும் நால்வரும் சென்னையில்தான் இருக்கிறோம். எங்களில் ஒருவனுக்கு முப்பத்தெட்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். விடுதி மெஸ் கணக்கை எழுதியவன் அவன்தான், அப்போதே அவனைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கோவாவில், பணஜியை ஒட்டிய மிராமார் கடற்கரையில் அயர்ன்மேன் 70.3 போட்டி நடக்கிறது. 2019-இல் தொடங்கியது. முழு அயர்ன்மேனில் பாதித் தூரம்: கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். 70.3 என்பது மைல் கணக்கு. ஒருவரே மூன்றையும் முடிக்கலாம், மூன்று பேர் ரிலேயாகப் பிரித்துக்கொள்ளவும் செய்யலாம். நாங்கள் ரிலே. ஒருவன் நீச்சல், ஒருவன் சைக்கிள், ஓட்டம் என்னுடையது. மொத்தம் 113 கி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டயாலிசிஸ் என்று சொல்லி, வசதியில்லாத நோயாளிகளுக்கு அதை நடத்தித் தரும் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் சேர்ப்பதாக முடிவு செய்தோம்.

நோட்டீஸை எழுதி முடித்துக் கணக்குப்பிள்ளையிடம் காட்டினோம். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டான். "வாரத்துக்கு மூணுன்னா வருஷத்துக்கு 156. உங்க 113-ல ஒரே ஒரு ஆளுக்குக்கூட வருஷம் முடியாதேடா. மீதி 43 வாரத்துக்கு, இல்ல, 43 தடவைக்கு அவர் எங்க போவாரு?"

எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. நாங்கள் கிலோமீட்டரிலிருந்து கணக்கைத் தொடங்கியிருந்தோம். அவன் நோயாளியின் வருடத்திலிருந்து தொடங்கினான். அன்றே இலக்கை 156 ஆக மாற்றினோம்.

அதற்கடுத்து அவன் போட்ட விதிகள் எல்லாவற்றையும் இங்கே சொல்ல வேண்டும், வேறு யாருக்காவது உதவும். பணம் எங்கள் மூவரின் ஜிபே எண்ணுக்கும் வரக்கூடாது, நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அப்போதுதான் கொடுப்பவர் பெயரிலேயே ரசீது வரும், நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி விலக்குக்கான 10பிஇ சான்றிதழும் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு இல்லை என்பதையும் எல்லாரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். போட்டிக் கட்டணம், பயணம், அறை வாடகை எல்லாம் எங்கள் சொந்தப் பணம். நன்கொடையில் ஒரு ரூபாய்கூட எங்கள் சைக்கிள் டியூபுக்குப் போகக்கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவன் பெரிய தொகை அனுப்புகிறேன் என்றான். அவன் அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டதால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்க முடியாது. துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் இன்னொருவன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினான், அதற்குத் தடை இல்லை. இந்த வித்தியாசம் எங்களுக்கு முன்னால் தெரியாது. அமெரிக்க நண்பனின் அம்மா திருச்சியில் இருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு, தன் பென்ஷனிலிருந்து தன் பங்காக நான்கு கிலோமீட்டருக்குக் கொடுத்தார்.

பயிற்சியெல்லாம் ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில். நீச்சல்காரன் குளத்தில் எவ்வளவு நீந்தியும் கடல் பிடிபடவில்லை. கோவளத்தில் ஒரு மீனவ அண்ணன் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தே சொல்வார். தெற்கிலிருந்து வடக்கே இழுத்தால் அது 'தெண்டி' என்றார், அன்றைக்கு எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்றும் காட்டுவார். அவர் வேண்டாம் என்ற நாளில் நாங்கள் இறங்கவே இல்லை.

சைக்கிள் ஓட்டி முடித்ததும் சாலையோரம் ஓர் இளநீர்க் கடையில் நிற்போம். ஒரு ஞாயிறு கணக்குப்பிள்ளையும் காரில் வந்தான். கடைக்காரர் அவனுக்கும் ஒன்று சீவி நீட்டினார். அவன் வேண்டாம் என்றான். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து, இதயத்தையே பாதிக்கும். காரணத்தைச் சொன்னதும் கடைக்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அக்காவுக்கும் அதே வியாதி. அரசு மருத்துவமனையில் இலவசமாகத்தான் செய்கிறார்கள், ஆனால் வாரம் மூன்று நாள் போகவர பஸ், கூடப் போகும் ஆளுக்கு அன்றைய கூலி போய்விடும், அதனால் அக்கா சில வாரம் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்கிறார் என்றார்.

எங்கள் நோட்டீஸில் பஸ் என்ற சொல்லே இல்லை. மறுநாள் அறக்கட்டளையிடம் பேசி, 156-க்கு மேல் வரும் பணம் போக்குவரத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

கோவா பயணத்தை அவனுடைய அட்டவணைப்படியே அமைத்தோம். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ், சனிக்கிழமை விமானம், ஞாயிறு போட்டி, அன்றிரவே திரும்பி, திங்கள் காலை மறுபடி மிஷின். அவனுடைய டாக்டர் சம்மதித்த பிறகுதான் டிக்கெட் போட்டோம். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம், இருப்பதால் பையை நாங்கள் தூக்கினோம்.

நீச்சல்காரன் 48 நிமிடத்தில் கரையேறினான். கணுக்காலில் கட்டியிருக்கும் டைமிங் சிப்பைக் கழற்றிச் சைக்கிள்காரனுக்குக் கட்ட வேண்டும், ரிலேயில் கைமாறுவது அதுதான். சைக்கிள்காரனுக்கு மூன்றாவது மணி நேரத்தில் பங்க்சர். வெளியாள் உதவி கூடாது, தானே டியூப் மாற்றினான். வரவேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆகியும் காணவில்லை. சிப்புக்காகக் காத்துக்கொண்டு நான் நின்ற அந்த இருபது நிமிடம்தான் எனக்கு மொத்தப் போட்டியிலும் கஷ்டமான பகுதி.

அவன் நான்கு பாட்டில் தண்ணீர் குடித்து வந்து சேர்ந்தான். கிட்டத்தட்ட மூன்று லிட்டர். கணக்குப்பிள்ளைக்கு டாக்டர் அனுமதித்திருப்பது நாளைக்கு ஒரு லிட்டர், அதிலேயே டீ, ரசம், மோர் எல்லாம் அடக்கம். அந்தப் புழுக்கத்தில் ஒரு மரத்தடியில், சின்ன ஃபிளாஸ்க்கில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு நின்றான். தாகம் எடுத்தால் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வான். ஒவ்வொரு சுற்றிலும் நான் தண்ணீர் மேசையில் கப்பை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு அவனைக் கடந்து ஓடினேன். மூன்றாவது சுற்றில் ஊற்றிக்கொள்ள மனம் வரவில்லை. அவன் சத்தம் போட்டான், "ஊத்திக்கோடா, எனக்காக நிறுத்தாத!"

கடைசியில் சேர்ந்தது 171 டயாலிசிஸுக்கான பணம். மேலே உள்ள 15-க்கான தொகை பஸ்ஸுக்குப் போனது.

இலண்டனிலிருந்து ஒரு வாசகர்:

வாசித்து முடித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் இரண்டு மச்சாள்மாரும் இலண்டன் டிரையத்லானில் ஸ்பிரிண்ட் தூரம் செய்தோம், 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். சித்தியைக் கடைசி மாதங்களில் பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்காக. நீச்சல் ராயல் விக்டோரியா டாக்கில். தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியவில்லை, நெஞ்சு அடைத்துக்கொண்டது. பக்கத்தில் வந்த, யாரென்றே தெரியாத ஒரு வயதான அம்மா, மல்லாந்து படுத்து மூச்சு விடு, அவசரம் இல்லை என்று சொல்லி, நான் திரும்ப நீந்தத் தொடங்கும் வரைக்கும் கூடவே மிதந்தார். தன் நேரத்தை எனக்குத் தந்தவரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

பணம் பற்றி ஒன்று. இங்கே வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்து கிஃப்ட் எய்டுக்குச் சம்மதம் சொன்னால், அறக்கட்டளைக்கு அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் கிடைக்கும். எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பெட்டியில் குறி போடாமல் விட்டுவிடுவார்கள். நாங்கள் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொன்னோம்.

மதுரையிலிருந்து ஒரு தாய்:

என் மகளுக்குப் பெருமூளை வாதம், வயது பதினாறு. அமெரிக்காவில் ரிக் ஹோய்ட் என்பவருக்கும் இதே பாதிப்பு இருந்தது. 1977-இல், விபத்தில் முடங்கிப்போன ஒரு லக்ராஸ் விளையாட்டு வீரருக்காக நடந்த 5 மைல் ஓட்டத்தில் தானும் சேர வேண்டும் என்று அப்பா டிக்கிடம் கேட்டார். அப்பா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஓடினார். பின்னாளில் டிரையத்லான்களில் மகனைப் படகில் வைத்து, கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்து நீந்தினார். என் மகள் இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உங்கள் நண்பர் அணியில் இல்லாமலே அணியில் இருந்திருக்கிறார். எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

முதலில் எழுதியவரின் பதில்:

அம்மா, உங்கள் கேள்வியைக் கணக்குப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தங்கச்சிக்கு எதில் விருப்பம், தண்ணீரா சாலையா என்று முதலில் கேட்கச் சொன்னான். யாருக்காகச் சேர்ப்பது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும் என்றான். சாலை என்றால், உள்ளூர் 5 கி.மீ. ஓட்டம் ஒன்றை நடத்துபவர்களிடம் சக்கர நாற்காலிக்கு அனுமதி கேட்டுப் பார்க்கலாம், தள்ளுவதற்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். தேதி மட்டும் செவ்வாய், வியாழன் அல்லது வார இறுதியில் அமைய வேண்டும், அவனும் வருவான்.