கிளிநொச்சிப் பக்கம் பழைய டம்பெல் (கையிலை பிடிச்சுத் தூக்கிற பளு) ஆரிட்டையும் இருக்கோ?

வணக்கம் உறவுகளே. கொழுப்பைக் குறைக்க எங்களிட்டை வாற ஆக்களுக்கு விடிய இரணைமடுக் குளக்கட்டிலை நடையும் ஓட்டமும் நடக்குது. அது மட்டும் காணாது. சாப்பாட்டையும் குறைச்சு ஓடிக்கொண்டே இருந்தால் கொழுப்போடை தசையும் கரையும். தராசு இறங்கும், உடம்பு தளரும். அதாலை கிழமைக்கு 3 நாள் பளுவும் சேர்த்திருக்கிறம்: ஸ்குவாட் (பளுவோடை குந்தி எழும்பிறது), தள்ளிறது, இழுக்கிறது, ஒவ்வொண்டும் 8 தொடக்கம் 12 தரம், 3 சுற்று.

பளுதான் முதல். பிறகு, கதைச்சுக்கொண்டு போகக்கூடிய வேகத்திலை 20 நிமிசம் சைக்கிள். மாறிச் செய்தால் களைச்ச கால் ஸ்குவாட்டிலை நடுங்கலாம், முழங்கால் உள்ளுக்கு மடியலாம், முதுகு வளையலாம். கடும் ஓட்டத்தை வேறை நாளுக்கு வையுங்கோ.

இப்ப தூக்கிறது மண் நிரப்பின 5 லீற்றர் கான். காய்ஞ்ச மண் முட்ட நிரப்பினாலும் 8 கிலோவுக்குக் கிட்டத்தான். அரைவாசி நிரப்பினால் மண் ஒரு பக்கம் சரிஞ்சு மணிக்கட்டைத் திருப்பும். பளுவைக் கூட்டினால்தான் 8 தொடக்கம் 12 தரத்திலை தசைக்கு வேலை காணும்.

தேவை: 10, 12.5, 15 கிலோ டம்பெல், ஒவ்வொரு சோடி. காசு தருவம். துருப்பிடிச்சாலும் பரவாயில்லை, ஆனால் பூட்டுற நட்டின்ரை மரை தேஞ்சிருக்கக் கூடாது, தட்டுக் கழண்டு காலிலை விழும். ஸ்குவாட் ஸ்டாண்ட் (பளுத்தண்டைத் தாங்கி வைக்கிற இரும்புச் சட்டம்) ஒட்டத் தெரிஞ்ச வெல்டிங் அண்ணைமாரும் இருந்தால் கீழை சொல்லுங்கோ.