கெல்வினே தவறினார், 454 கோடியை எப்படி நம்புவது?

சந்தேகி:
பூமிக்கு 454 கோடி வயது என்று அடித்துச் சொல்கிறீர்கள். 1862-இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு 2 முதல் 40 கோடிக்குள் என்றார். 1897-இல் அதையும் 2 முதல் 4 கோடி என்று சுருக்கினார். அவர் பேச்சுக்கு அன்று மறுபேச்சு இல்லை. அவரே 100 மடங்குக்கு மேல் தவறினார் என்றால், இன்றைய எண்ணை மட்டும் எப்படி நம்புவது?

கல்லுளி:
மறுபேச்சு இருந்தது ஐயா. அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரியே 1895-இல் எதிர்த்து எழுதினார். கெல்வின் பூமியை உள்ளே எதுவும் அசையாத கெட்டிக் குண்டாக வைத்து, அது ஆற எவ்வளவு காலம் என்று கணக்கிட்டார். உட்பகுதி மெல்ல நகர்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் அந்தக் கணக்கே நிற்காது என்றார் பெர்ரி. கதிரியக்கம் தெரியாததால்தான் கெல்வின் தவறினார் என்பது பாதிக் கதை.

சந்தேகி:
சரி, தொடக்க அனுமானம்தான் அவரைக் கவிழ்த்தது. உங்களுக்கும் அதே கேள்வி. யுரேனியம் ஈயமாக மாறியதை வைத்து எண்ணுகிறீர்கள். ஈயம் முதலிலேயே இருந்திருந்தால்?

கல்லுளி:
சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட அண்டவிடாது. அதற்குள் இரண்டு கடிகாரங்கள்: யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு, 235-க்கு 70 கோடி. நடுவில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் வெவ்வேறு வயதைக் காட்டி மாட்டிக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 440 கோடி ஆண்டுச் சிர்கானே கிடைத்திருக்கிறது.

நத்தை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கதிரியக்கம் இல்லாத சாட்சியும் உண்டு. சுமார் 38 கோடி ஆண்டுக்கு முந்தைய டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களில் நாளுக்கொன்றாகப் படிந்த வளர்ச்சிக் கோடுகளை 1963-இல் ஜான் வெல்ஸ் எண்ணினார். ஆண்டுக்குச் சுமார் 400! கடல் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் போடுகிறது. அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டாலும், 38 கோடி ஆண்டுக்கு முன் ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய அத்தனை நாள்தான் வருகிறது.

சந்தேகி:
பவளம் யோசிக்க வைக்கிறது. ஆனால் அது 38 கோடிக்குத்தான் சாட்சி. 1956-இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 455 கோடி என்று சொன்னது விண்கற்களை வைத்து. பக்கத்து வீட்டுப் பையனின் பிறப்புச் சான்றிதழில் என் வயதைப் பார்ப்பதா?

கல்லுளி:
பக்கத்து வீடில்லை, கூடப் பிறந்தவன். பூமியின் கடலடி வண்டலில் உள்ள ஈயத்தையும் அவர் ஒப்பிட்டார். ஈய வகைகளின் விகிதங்களை வரைபடமாகப் போட்டால், விண்கற்கள் காட்டிய அதே கோட்டில்தான் அதுவும் விழுந்தது. 7 கோடி முன்பின் இருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சந்தேகி:
7 கோடி "முன்பின்"னா! டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடிதானே ஆகிறது? வண்டல் ஈயத்தைப் படித்துவிட்டு வருகிறேன், இந்த விவாத இழையை மூடிவிடாதீர்கள்.