அந்தக் குதிரை ஜி3-இலேயே நின்றிருந்தால்

விஸ்வநாதன் ஆனந்தின் மறக்க முடியாத செஸ் ஆட்டம் எது என்று கேட்டால், உங்களில் பலர் ஆர்மீனிய வீரர் ஆரோனியனுக்கு எதிரான ஆட்டத்தைச் சொல்வீர்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. 2013 மாட்டுப் பொங்கலன்று, நெதர்லாந்தின் விய்க் ஆன் ஸே நகரில் ஆடியது. கறுப்புக் காய்களோடு 23 நகர்த்தல்களில் முடித்துவிட்டார். எதிராளியின் குதிரை தன் யானையை வெட்டிய பிறகும், அதைப் பிடிக்காமல் எஃப் வரிசைச் சிப்பாயை முன்னே தள்ளினாரே, அந்த இடத்தில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஆனாலும் என் நினைவில் முதலில் வந்து நிற்பது, அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி அவர் தோற்ற ஆட்டம்தான். நம் தேனாம்பேட்டையில், ஹயாத் ரீஜென்சி ஓட்டலில், நார்வேயின் மக்னஸ் கார்ல்சனுடன் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 9-ஆவது ஆட்டம்.

எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. 1995-இல் நியூயார்க்கில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஆனந்தும் காஸ்பரோவும் மோதியபோது, அங்கே பிற்பகலில் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவுக்குப் பிறகுதான். ஆகவே முழு நகர்த்தல்களும் ஒருநாள் தள்ளியே நாளிதழில் வரும். அதைத் தரையில் விரித்து, பக்கத்தில் பலகையை வைத்து ஒவ்வொரு காயாக நகர்த்திப் பார்ப்போம். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். அப்பா அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனார். அடுத்த ஆட்டத்திலேயே காஸ்பரோவ் யானையைத் தியாகம் செய்து திருப்பி அடித்தார், போட்டியையும் வென்றார். இருந்தும் ஒன்பதாவது ஆட்டம் என்றால் அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது.

சென்னையில் எட்டு ஆட்டங்கள் முடிந்தபோது கார்ல்சன் 5-3 என்று முன்னிலையில் இருந்தார். மீதம் நான்கே ஆட்டங்கள். "ஒன்பதாவதுக்குப் போகலாம்டா" என்றார் அப்பா. லீவு போட்டுவிட்டு அவரைச் சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் அழைத்துச் சென்றேன். மேடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் வரிசை நிறையப் பள்ளிப் பிள்ளைகள். (அந்தப் போட்டியைப் பார்க்க வந்த சிறுவர்களில், பிறகு உலக சாம்பியனான குகேஷும் 7 வயதில் ஒருவர் என்பதைப் பின்னாளில் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.)

ஆனந்த் அன்று தற்காப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. நிம்சோ இந்தியன் என்ற தொடக்க முறையில், நான்காவது நகர்த்தலிலேயே சிப்பாய் எஃப்3-க்கு வந்தது. (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை, கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை; கட்டங்களின் பெயர் இவை சேர்ந்ததுதான்.) பிறகு ராஜா பக்கத்துச் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கார்ல்சன் மறுபக்கத்தில் பி சிப்பாயை ஓடவிட்டார். ஒரு பக்கம் ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடியும் மேட் மிரட்டல், மறுபக்கம் கடைசி வரிசையைத் தொட்டு ராணியாகப் போகும் சிப்பாய். ஆனந்தின் ராணி எச்6-இல் போய் அமர்ந்ததும் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யானை எச்4-க்கு வந்துவிட்டால் எச்7-இல் மேட்.

27-ஆவது நகர்த்தலில் யானை எஃப்4-க்கு ஏறியது. கார்ல்சனின் சிப்பாய் பி1-இல் ராணியாகி செக் கொடுத்தது. தாக்குதலைக் கைவிடாமல் அதை மறைக்க ஆனந்துக்கு இரண்டு வழிகள்: பிஷப்பை எஃப்1-க்கு இழுப்பது, அல்லது குதிரையை. அவர் குதிரையை எடுத்தார்.

ஜி3-இல் நின்ற அந்தக் குதிரைதான் இ1-இலிருந்து எச்4 வரை செல்லும் மூலைவிட்டத்தை மறித்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் கார்ல்சனின் புதிய ராணி இ1-க்கு வந்தது. இனி யானை எச்4-இல் கால் வைத்தால் ராணி வெட்டிவிடும். தாக்குதல் அவ்வளவுதான். ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

அரங்கில் யாரும் கைதட்டவில்லை. அப்பா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "பயந்து ஆடித் தோற்கவில்லை, பார்த்தாயா" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதுதான் இருக்கிறது. டிராவுக்கு ஆடி மானம் காத்திருக்கலாம். சொந்த ஊர் மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, 43 வயதில், 22 வயதுக்காரரின் ராஜாவைத் தேடிப் போனார். மறுநாள் 10-ஆவது ஆட்டம் டிராவாகி, 6.5-3.5 என்று பட்டம் கைமாறியது.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பா பழைய மரப்பலகையை எடுத்துவரச் சொன்னார். நினைவிலிருந்தே காய்களை அடுக்கினார். குதிரையை ஜி3-இலேயே விட்டு, பிஷப்பை எஃப்1-இல் வைத்தார். "இப்போது ஆடு" என்றார். கறுப்பு ராணியை டி1-க்குக் கொண்டுபோய், யானை எச்4-க்கு வந்ததும் எச்5-இல் தியாகம் செய்தால்தான் தப்ப முடியும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகும் விடாமல் ஆடினோம். பதினொன்றரை மணிக்கு டிராவில் முடிந்தது.