ஊசுட்டேரி மேய்ச்சல்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பறவைகள் சரணாலயமான ஊசுட்டேரிக்குப் பக்கத்தில்தான் என் வீடு. ஏரிக்கரையில் நாளுக்கு நாள் மாடுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஊர்க்காரர்களின் இரண்டு மூன்று பசுக்களைச் சொல்லவில்லை, அவை எப்போதும் உண்டு. இப்போது வெளியிலிருந்து அறுபது, எழுபது என்று ஓட்டி வந்து, தண்ணீர் வற்றிய பகுதியில் விடுகிறார்கள்.

போன ஞாயிறு ஓர் ஆள்காட்டிக் குருவியின் கூட்டைப் பார்த்தேன். கூடு என்றால் தரையில் சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கல், நடுவில் நான்கு முட்டைகள். மறுநாள் போனால் குளம்புத் தடம்தான் இருந்தது. ஓடெல்லாம் மண்ணோடு அப்பிக் கிடந்தது. தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. இன்னும் மனசு ஆறவில்லை.

மேய்ப்பவரிடம் பேசினேன். "புல் இருக்கிற இடத்துக்குத்தானே தம்பி மாடு போகும்? வைக்கோல் என்ன விலை விக்குது தெரியுமா?" என்றார். அவர் கஷ்டமும் புரிகிறது. மனு கொடுக்கப் போனால், ஏரி புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலுமாக இருப்பதால் 'அந்தப் பக்கம் கேளுங்கள்' என்கிறார்கள்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தடுப்பூசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள் மேய்க்கவே கூடாது. சரி, அதை வைத்தே ஒரு தடுப்பூசி முகாம் நடத்தினால், யாருடைய மாடு எத்தனை என்ற கணக்காவது கிடைக்குமே?

இரண்டு பக்கத்துக்கும் மனு எழுதத் தெரிந்தவர்கள், கால்நடை மருத்துவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆகஸ்ட் வரை கூடு இருக்கும் இடத்தை மட்டுமாவது விட்டுவிடும்படி மாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், கூட வர முடியுமா? இன்னும் இரண்டு கூடுகள் இருக்கின்றன. இடத்தை இங்கே போடவில்லை, வருபவர்களுக்கு நேரில் காட்டுகிறேன்.