அப்டேட்: துபாய்ல வேலை போச்சு, இன்சூரன்ஸ் பணம் வந்துடுச்சு

ஆர்டர் இல்லனு கம்பெனில ஆள் குறைக்கிறாங்க, கையில 400 திர்ஹாம்தான் இருக்கு, ஊர்ல வீட்டு லோன் வேற நிக்குதுனு முன்னாடி இங்க கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

"ராஜினாமா லெட்டர்ல மட்டும் கையெழுத்து போட்றாதீங்க அண்ணா"னு ஒரு தம்பி சொன்னதுதான் காப்பாத்துச்சு. மறுநாளே மேனேஜர் டைப் அடிச்ச பேப்பர முன்னாடி வச்சு பேனாவையும் திறந்து நீட்டுனாரு, கை நடுங்குச்சு, ஆனா முடியாதுன்னுட்டேன். நாமளா விலகினா வேலையிழப்பு இன்சூரன்ஸ் கிடையாது. கடைசில அவங்களே நீக்குனதா லெட்டர் குடுத்தாங்க. மாசம் 5 திர்ஹாம் கட்டுவோமே அதேதான், 12 மாசம் விடாம கட்டியிருக்கணும், வேலை போன 30 நாளுக்குள்ள கிளைம் போட்றணும்.

நான் எதிர்பாக்காதது என்னன்னா இன்சூரன்ஸ்ல குடுக்குற 60 சதவீதம் மொத்த சம்பளத்துல இல்ல, பேசிக்ல, அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படை சம்பளத்துல. எனக்கு பேசிக் 2,800, அதனால மாசம் 1,680தான், அதுவும் அதிகபட்சம் 3 மாசம்.

கிராஜுவிட்டி, அதாவது வேலைய விட்டு போறப்ப கம்பெனி குடுக்குற பணம், வருஷத்துக்கு 21 நாள் பேசிக், எனக்கு 4 வருஷத்துக்கு 7,840. 14 நாள்ல குடுக்கணும், இழுத்தடிச்சாங்க, தொழிலாளர் அமைச்சகத்தோட ஆப்ல புகார் போட்ட பிறகுதான் வந்துச்சு, புகாருக்கு காசு இல்ல. வந்ததும் ஊர்ல நின்ன ரெண்டு தவணைய கட்டிட்டேன்.