டோட்டா ஆடிப் பழகிய கை வாவ் அரீனாவில் ஏன் தடுமாறுகிறது?

நடுப்பாதை:
5-க்கு 5 குழுச் சண்டை ஆட்டங்களான டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இரண்டும் நன்றாக ஆடத் தெரிந்த மூன்று பேர் நாங்கள். இப்போது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் (வாவ்) 3-க்கு 3 அரீனா, அதாவது மூவர் குழுக்கள் மோதும் சண்டை, ஆட ஆரம்பித்திருக்கிறோம். பார்த்தால் எல்லாம் தெரிந்த விஷயம்தான்: ஸ்டன் (ஆளைச் சில நொடி செயலிழக்க வைப்பது) இருக்கிறது, கூல்டவுன் (ஒரு திறன் மறுபடி கிடைக்கும்வரை காத்திருக்கும் நேரம்) இருக்கிறது, ஒருவனைக் குறிவைத்து முதலில் சாய்க்க வேண்டும். ஆனால் எதிராளியின் உயிர் 30 சதவீதத்துக்கு இறங்கும், இரண்டு நொடியில் திரும்ப நிரம்பிவிடும். நிமிடக்கணக்கில் அடித்தும் யாரும் விழுவதில்லை. திடீரென்று எங்களில் ஒருவர் மூன்று நொடியில் காலி. கியர் (ஆயுதம், கவசம்) போதவில்லையா, வேறு ஏதாவதா? "ஆட ஆடப் பழகிடும்" என்ற பதில் வேண்டாம். எதை மாற்றணும்னு சொல்லுங்க.

கவசம்100:
பிவிபி (ஆளோடு ஆள் மோதும் சண்டை) செட் முழுசாக இருந்தால் கியரைப் பற்றிய கவலையை விடுங்கள். நீங்கள் சொல்வது வேறு வியாதி.

டோட்டாவிலும் லீகிலும் அடி தங்கும். லேனில் (படைகள் மோதும் பாதையில்) ஒருவன் பாதி உயிரை இழந்தால் மருந்து குடிக்கணும், இல்லை தளத்துக்குத் திரும்பணும். திரும்பினால் ஒரு கிரீப் (தானாக வரும் சிறு படை) அலையின் தங்கமும் அனுபவமும் போச்சு. அதனால்தான் தூரத்தில் நின்று சீண்டிக்கொண்டே இருப்பதற்கு அங்கே பலன் உண்டு. அரீனாவில் அடி தங்காது. ஹீலர் (கூட்டாளிகளைக் குணமாக்குபவர்) கட்டில்லாமல், அதாவது ஸ்டன் மாதிரி எதுவும் தடுக்காமல், நிற்கும்வரை நீங்கள் இறக்கிய 70 சதவீதத்துக்குப் பெரிய மதிப்பில்லை. அங்கே தங்குவது செலவான கூல்டவுன். எதிராளி டிரிங்கெட்டை (கட்டை அறுத்துக்கொள்ளும் பொருள்) தட்டிவிட்டால் 2 நிமிடத்துக்கு, ஹீலர் என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு, அவனிடம் அது கிடையாது. உயிர்ப் பட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதை எண்ணுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். 0:30-க்கு முதல் பாய்ச்சல். நோக்கம் கொல்வது இல்லை, ஹீலரின் டிரிங்கெட்டைப் பிடுங்குவது. தட்டிவிட்டான் என்றால் 2:00 வரை அவன் வெறுங்கை. உங்கள் பர்ஸ்ட் (சில நொடியில் பெரும் அடி கொட்டும் திறன்) 1 நிமிடக் கூல்டவுன் என்றால் 1:30-க்கு மறுபடி கிடைக்கும். அப்போது ஹீலரைக் கட்டிப்போட்டுவிட்டு அடிப்பதுதான் கொலை. உங்கள் மூன்று பேரின் பர்ஸ்டும் 2 நிமிடக் கூல்டவுன், மூன்றையும் 0:30-க்கே கொட்டிவிட்டீர்கள் என்றால்? 2:30-க்கு உங்கள் பர்ஸ்ட் திரும்பும்போது அவன் டிரிங்கெட் ஏற்கெனவே திரும்பியிருக்கும். எத்தனை நிமிடம் ஆடினாலும் அதே சுற்றுதான். ஒருவருடைய பர்ஸ்டையாவது முதல் பாய்ச்சலில் தொடாமல் வையுங்கள்.

அடுத்தது ஸ்டன். டோட்டாவில் ஒரு ஸ்டன் முடியும் கணத்தில் அடுத்தது விழுந்தால் அதற்கும் முழு நேரம். வாவில் ஒரே வகைக் கட்டு அதே ஆள் மேல் திரும்ப விழுந்தால் முதல் தடவை முழுசு, இரண்டாவது பாதி, மூன்றாவது கால், பிறகு ஒன்றும் இல்லை. 6 நொடிக் கட்டு 6, 3, 1.5 என்று இறங்கும். சுமார் 18 நொடி அந்த வகை படாமல் இருந்தால்தான் பழைய நிலைக்கு வரும் (சரியான எண்ணைப் பேட்ச் குறிப்பில் பாருங்கள், மாற்றுவார்கள்). இதில் வகைதான் முக்கியம், யார் போடுகிறார் என்பது இல்லை. மேஜின் பாலிமார்ஃப், ரோகின் சாப், ஹன்டரின் ஃப்ரீஸிங் டிராப் மூன்றும் ஒரே வகை (மேஜ், ரோக், ஹன்டர் எல்லாம் ஆட்டத்தின் பாத்திரங்கள்). ஃபியர், பிளைண்ட், சைக்ளோன் இன்னொரு வகை. ஸ்டன்கள் தனி. மேஜும் ஹன்டரும் மாறிமாறி ஹீலரைக் கட்டினால் இரண்டாவது கட்டு பாதியிலேயே அறுந்துவிடும். டோட்டாக்காரர்கள் எல்லோரும் இதில்தான் விழுகிறார்கள். ஸ்டன், அது முடியும்போது பாலிமார்ஃப், அது முடியும்போது ஃபியர் என்று வகை மாற்றிக் கோத்தால் மூன்றுமே முழுசாக நிற்கும்.

உங்கள் ஆள் மூன்று நொடியில் விழுவதற்குக் காரணம், தற்காப்புத் திறன்களை ஒரே நேரத்தில் இரண்டு மூன்றாகத் தட்டுவது. சண்டை தொடங்கியதும் கையில் இருப்பதையெல்லாம் கொட்டுவது டோட்டா பழக்கம். இங்கே ஒரு பாய்ச்சலுக்கு ஒன்று மட்டும், அதுவும் ஸ்டன் விழுவதற்கு முன்னால். ஸ்டன்னில் நிற்கும்போது பெரும்பாலான தற்காப்புகள் வேலை செய்யாது.

ஓரக்கண்:
அடி தங்காது என்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஹீலர் செலவழித்த மேனா (மந்திரச் சக்தி) கணக்கில் தங்கும், அதாவது எளிதில் திரும்பாமல் குறைந்துகொண்டே போகும். அவனைத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கவிடாமல் ஒருவர் விரட்டிக்கொண்டே இருந்தால் சீண்டலுக்கும் விலை உண்டு. தவிர, ஆட்டம் நீளநீள டேம்பனிங் ஏறி எல்லோருடைய குணமாக்கலும் குறையும். நீண்ட ஆட்டத்தை விரும்பும் குழுக்கள் இதை நம்பித்தான் ஆடுகின்றன.

டோட்டாவிலிருந்தும் லீகிலிருந்தும் எதைக் கொண்டு வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. லீகில் ஃபிளாஷ் (சட்டென்று சிறு தூரம் தாவும் திறன்) கூல்டவுன் 300 நொடி. 12:10-க்குத் தட்டினான் என்றால் "மிட் 17:10" என்று (நடு லேன்காரனுக்கு அப்போது திரும்பும் என்று) சாட்டில் எழுதுவீர்களே, அதே பழக்கம்தான் இங்கே டிரிங்கெட்டுக்கு. இட உணர்வும் வரும். டோட்டாவில் மேட்டில் நிற்பவனைக் கீழே தூரத்திலிருந்து அடித்தால் 25 சதவீத அடி தவறும், அதனால் மேட்டைப் பிடிக்கப் பழகியிருப்பீர்கள். இங்கே மேட்டுக்குப் பதில் தூண். மந்திரம் பாதியில் இருக்கும்போது குறி தூணுக்குப் பின்னால் போனால் அது வீண். உங்கள் ஹீலர் உங்களைப் பார்க்கும் கோட்டை நீங்களே மறைத்துக்கொள்ளவும் கூடாது. முக்கால்வாசி "திடீர்" சாவு இதுதான், ஸ்டன் எல்லாம் அப்புறம்.

வார்டு (இருட்டில் பார்வை தரும் பொருள்), பனிமூட்டம் (மேப்பில் தெரியாத பகுதி) பற்றிய அறிவு இங்கே வீண். ரோக், ட்ரூயிட் மாதிரி மறைபவர்களைத் தவிர எல்லோரும் கண்ணெதிரே நிற்பார்கள்.

மந்திரத்தடை:
அரீனா தாண்டி ரெய்டு (பலர் சேர்ந்து பாஸ் என்ற பெரிய எதிரியை வீழ்த்துவது) பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. டோட்டா கை அங்கே அதிகமாக நகரும்.

இன்னொரு ஆன்லைன் ஆட்டமான ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் கூல்டவுன் 2.5 நொடி, நிமிடத்துக்கு 24 அடி. தரையில் குறி தெரிந்ததுமே ஓடி, இரண்டு அடியைத் தவறவிட்டால் அந்த நிமிடத்தின் 8 சதவீதம் போச்சு. பாஸின் காஸ்ட் பட்டை (திறன் தொடங்கி முடிவதைக் காட்டும் கோடு) முடியும் கணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைத்தான் சர்வர் பார்க்கும். வெடிப்பு அதற்குப் பிறகு திரையில் வரும் வெறும் காட்சி. ஆகவே பட்டை முடிவதற்குச் சற்று முன் வெளியேறினால் போதும், முடிந்த கணமே உள்ளே திரும்பி அடிக்கலாம். டோட்டாவில் பறந்து வரும் ஹுக்கை (ஆளை இழுக்கும் கொக்கி) பார்த்து விலகிய கண்ணுக்கு இது புரிய நேரமாகும். வெடிப்பைப் பார்த்து விலகுவார்கள், அடி ஏற்கெனவே பதிவாகியிருக்கும், உடனே "லேக்" என்று பழி.

பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) அதிகமாக இருந்தால் இரண்டு அடிகளுக்கு நடுவில் இரண்டு உடனடித் திறன்களைச் செருகாதீர்கள். ஒவ்வொன்றும் சுமார் 0.6 நொடி கையைப் பூட்டும், அதோடு பிங்கும் சேர்ந்து அடுத்த 2.5 நொடிச் சுற்றைத் தள்ளிவிடும். ஒன்று போதும்.

நடுப்பாதை:
கட்டுகளைப் பாதி நேரம் ஒரே வகையில்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று இப்போது புரிகிறது. இன்னொரு கேள்வி: டோட்டா மாதிரி அடி தங்குகிற, கியர் கணக்கில்லாத ரோல்பிளேயிங் சண்டை ஏதாவது உண்டா?

மந்திரத்தடை:
அதே ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் கிரிஸ்டலைன் கான்ஃப்ளிக்ட். 2022-இல் வந்தது. 5-க்கு 5, ஒரு கிரிஸ்டலை எதிராளியின் பக்கம் தள்ள வேண்டும், 5 நிமிடம், பிறகு ஓவர்டைம். கியருக்கு மதிப்பே இல்லை. ஹீலரை நம்ப வேண்டியதில்லை, எல்லோரிடமும் ரெக்யூபரேட் (தன்னைத்தானே குணமாக்கும் திறன்) உண்டு. ஒவ்வொரு தடவைக்கும் 2,500 மேனா, முழு மேனா 10,000. அதாவது ஒருவனை நான்கு தடவை குணமாக்கிக்கொள்ள வைத்துவிட்டால், மேனா ஊறும்வரை அடுத்த அடி அவன் மேல் தங்கும். நீங்கள் பழகிய சீண்டல் இங்கே அப்படியே செல்லும்.

கில்ட் வார்ஸ் 2-இன் கான்குவெஸ்டும் அப்படித்தான்: 5-க்கு 5, மூன்று இடங்களைப் பிடித்து 500 புள்ளி. லெவலும் கியரும் எல்லோருக்கும் சமமாக்கப்படும். மேப் முழுக்க ஓடிச் சுழல்வது டோட்டாக்காரர்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் மூன்று இடங்களையும் காக்க ஓடாதீர்கள், இரண்டை வைத்திருந்தால் போதும்.

கவசம்100:
வாவிலேயே தொடர்வதாக இருந்தால் முதல் வேலை, "அரீனா 1, 2, 3" என்று எதிராளி மூவருக்கும் தனித்தனி மேக்ரோ (ஒரு பொத்தானில் எழுதி வைக்கும் கட்டளை): கிக்குக்கு (எதிராளியின் மந்திரத்தைப் பாதியில் வெட்டும் திறன்) மூன்று பொத்தான், முக்கியமான கட்டுக்கு மூன்று. டோட்டாவில் மவுஸால் ஆளைச் சொடுக்கிப் பழகிய கை இங்கே பெட் (கூட வரும் விலங்கு) மேலும் டோட்டம் (தரையில் நடும் மந்திரக் கம்பம்) மேலும் சொடுக்கும். கிக்கைப் பட்டையின் தொடக்கத்திலேயே போடாதீர்கள். நல்ல ஹீலர் பொய்யாகத் தொடங்கி உடனே நிறுத்துவான், உங்கள் கிக் காற்றில் போகும். அவனும் உங்கள் கிக் கூல்டவுனை எண்ணிக்கொண்டுதான் நிற்கிறான். பாதியைத் தாண்டவிட்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வெட்டுங்கள்.