தமிழ் பிடிஎஃப்-ஐ என்விடிஏ சரியாக வாசிக்கவில்லை. நூலகத்தில் என்ன செய்யலாம்?

நெல்லை_நூலகர்:
வணக்கம். எங்கள் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் நான்கு பேர். நூலகக் கணினிகளில் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ மென்பொருளைப் போட்டிருக்கிறோம். ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறது. தமிழ் பிடிஎஃப் என்றால் ஒன்றில் சத்தமே இல்லை, இன்னொன்றில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது, மூன்றாவதில் தமிழ்தான், ஆனால் சொற்கள் சிதைகின்றன. வீட்டில் அவர்களிடம் கைபேசி மட்டும்தான். பாடநூலை ஸ்கேன் செய்து கொடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

எழுத்துரு:
மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

எழுத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது வெறும் படம், ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்ற வேண்டும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதற்கு ஓசிஆர் தேவையில்லை, என்எச்எம் கன்வர்ட்டரில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் போதும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. ஒருங்குறியில் அடித்திருந்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது ெ, ே, ை ஆகிய கொம்புகள் இடம் மாறிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், காதுக்கு உளறலாகக் கேட்கும். அதனால் மூல வேர்டு கோப்பையே கேட்டு வாங்குங்கள். மாணவருக்கும் வேர்டாகவோ இபப் என்ற மின்நூல் வடிவிலோ கொடுங்கள், தமிழுக்கு பிடிஎஃப் வேண்டாம்.

ஸ்கேன் 300 டிபிஐ, சாம்பல் நிறம், பக்கம் சாயாமல். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும்: ர-வின் கால் மங்கினால் துணைக்கால் ஆகிவிடும், கௌ என்பது ‘கெள’ ஆகும், அடிக்குறிப்பு எண் வாக்கியத்தின் நடுவில் வந்து விழும். செய்யுளில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு அடியையும் தனி வரியாக்குங்கள். இல்லாவிட்டால் எதுகை எங்கே விழுகிறது என்று மாணவருக்குத் தெரியாது.

வேர்டில் இயல் தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் ‘ஹெடிங்’ பாணியில் வையுங்கள். என்விடிஏவின் உலாவு நிலையில் (பிரவுஸ் மோட்) எச் விசையை அழுத்தி இயல் இயலாகத் தாவலாம். தமிழ்ப் பகுதிக்கு மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள், அப்போதுதான் என்விடிஏ தானாகக் குரல் மாற்றும். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் குரல் கரகரப்பாகப் பட்டால் விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பை இறக்கி, என்விடிஏவில் ‘விண்டோஸ் ஒன்கோர்’ குரலைத் தேர்ந்தெடுங்கள்.

சட்டம்_படித்தவர்:
பதிப்புரிமைக்குப் பயப்பட வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் சேர்ந்த 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் நூலைப் படியெடுக்க அனுமதிக்கிறது. லாபம் கூடாது, ஆக்கச் செலவை மட்டும் வாங்கலாம். அந்தப் படி மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே போக வேண்டும் என்பதையும் நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். யாருக்கு, எந்த நூல், எந்தத் தேதி என்று ஒரு பதிவேடு வையுங்கள்.

ஸ்கேன் செய்யும் முன் சுகம்ய புஸ்தகாலயாவில் தேடுங்கள். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக 2016-இல் தொடங்கிய இணைய நூலகம். நூல் அங்கே ஏற்கெனவே இருந்தால் உங்கள் ஒரு வார உழைப்பு மிச்சம்.

கைபேசி_வாசகர்:
மேலே சொன்னபடி செய்தால் கைபேசிக்கும் அதுவே போதும். ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான், கூகுள் தமிழ்க் குரல் போதும். 200 பக்க நூல் எழுத்தாக ஒரு எம்பிகூட வராது, ஸ்கேன் படமாகவே அனுப்பினால் டேட்டா தீர்ந்துவிடும்.

கல்லூரிகளுக்கு மின்நூல், மின்னிதழ்களைத் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் சந்தா இருந்தால் மாணவர் வீட்டிலிருந்தே நுழைய முடியும். ஆனால் கணக்குகளைக் கல்லூரிதான் உருவாக்க வேண்டும். கடவுச்சொல் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும், முதல் நுழைவை நூலகத்தில் உட்கார வைத்தே செய்து காட்டுங்கள்.

நெல்லை_நூலகர்:
நன்றி. சோதித்தேன், மூன்றாவது கோப்பில் கொம்புகள்தான் இடம் மாறியிருக்கின்றன. துறையில் வேர்டு கோப்பு கேட்கிறேன். செய்யுளுக்குக் கீழே வரும் பதவுரையைத் தனிக் கோப்பாக்கலாமா?

எழுத்துரு:
வேண்டாம். ஒரே கோப்பில் ஒவ்வொரு பாடலுக்கும் இரண்டாம் நிலைத் தலைப்பு, பதவுரைக்கு மூன்றாம் நிலை. 2 விசை பாட்டுக்குப் பாட்டு, 3 விசை உரைக்குப் போகும்.